திருவல்லிக்கேணியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அரை கிரவுண்ட் (1,200 சதுர அடி), மெட்ராஸ் டெரஸ் எனும் மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை, ஒருபுறம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1: தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளை. மொட்டைமாடி ஒழுகல் அங்கேதான் தேங்கும். நடுவில் உறுதியாகத் தெரியும் கட்டை முனையில் உளுத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்கு மாற்றுச் செலவு உண்டு, விலையில் கழியுங்கள். கரையான் மண்கோடும் பாருங்கள்.

பதில் 2: சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் கவனம். ஈரம் வெளியேற முடியாமல் உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். கொத்தியெடுத்துச் சுண்ணாம்பே பூச வேண்டும். பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், தரையிலிருந்து மூன்றடி வரை தட்டிப் பாருங்கள்.

பதில் 3: பொதுச்சுவர் உரிமை பத்திரத்தில் இருக்கிறதா? 1,200 சதுர அடி இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) வாங்குங்கள். பூர்வீகச் சொத்தென்றால் மகள்கள் கையெழுத்தும் கட்டாயம்.