டிஸ்க்ரீட் மேக்ஸ் டெஸ்டிங் வேலைக்கு நிஜமா உதவுமா?

மஞ்சக்குப்பம் எம்சிஏ:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர்லேர்ந்து தினமும் பாண்டிக்கு பஸ்ல போய் எம்சிஏ படிக்கிறேன். டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் பேப்பர்ல கிராஃப், ரிலேஷன், மாடுலர் அரித்மெடிக் (வகுத்து மீதி பார்க்கற கணக்கு)னு போயிட்டு இருக்கு, எனக்கு பிடிச்சும் இருக்கு, ஆனா படிச்சு முடிச்சு டெஸ்டிங் இல்லன்னா செக்யூரிட்டி பக்கம் போகணும்னு ஆசை, சீனியர்ங்க செலினியம் (பிரவுசரை தானா ஓட்டி டெஸ்ட் பண்ற டூல்) தெரிஞ்சா போதும் இதெல்லாம் பரீட்சையோட சரிங்கறாங்க. இப்போ மினி ப்ராஜெக்டா பஸ் டிக்கெட் ஆப் பண்றோம். ரூட் 3 (கடலூர்–பாண்டி, பாண்டி–சென்னை, பாண்டி–பெங்களூரு), பஸ் 3 (சாதா, ஏசி, ஸ்லீப்பர்), பயணி 3 (பெரியவங்க, குழந்தை, மூத்த குடிமக்கள்), பணம் 3 (யுபிஐ, கார்டு, வாலட்). எல்லாம் சேர்த்தா 81 டெஸ்ட். ஓடிபி லாகின் வேற இருக்கு. 81ஐயும் எழுதணுமா, எதை விடலாம்னு எப்படி முடிவு பண்றது?

ஓ.டி. ஆட்டோமேஷன்:
தங்கச்சி, இன்டர்வியூல கேக்கறது செலினியம், ஏபிஐ (ப்ரோக்ராம்ங்க ஒண்ணோட ஒண்ணு பேசற வழி), கொஞ்சம் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) தான். முதல்ல அத கத்துக்க. 81 என்ன பெரிய விஷயம், லூப்ல போட்டா ராத்திரியோட ராத்திரியா ஓடி முடிஞ்சிடும்.

லாஸ்பேட்டை க்யூஏ:
81க்கு லூப் ஓடும் சரி. இதே மாதிரி ரூட், பஸ்னு 3 மதிப்போட 13 ஃபீல்டு வந்தா? 15,94,323 ஆகுது. எந்த லூப் தாங்கும்? அங்க தான்மா உன் பேப்பர் வேலைக்கு வருது.

எல்லா சேர்க்கையும் வேணாம், எந்த ரெண்டு ஃபீல்டை எடுத்தாலும் அதோட எல்லா ஜோடியும் ஒரு தடவையாவது வந்தா போதும்னு வச்சுக்க. உன் ஆப்புக்கு 9 டெஸ்ட் தான். அதுவும் கையாலயே போடலாம். ஒவ்வொரு ஃபீல்டோட மதிப்பையும் வரிசையா 0, 1, 2னு எண்ணு, ரூட், பஸ் ரெண்டுக்கும் 9 ஜோடிய எழுதிக்க. பயணி = ரூட்டும் பஸ்ஸும் கூட்டி 3ஆல வகுத்தா வர்ற மீதி. பணம் = பஸ் எண்ணை மட்டும் ரெண்டு மடங்காக்கி ரூட்டோட கூட்டி அதே மாதிரி மீதி. ரூட் 1, பஸ் 2ன்னா பயணி 0, பணம் 2, அதாவது சென்னைக்கு ஸ்லீப்பர்ல பெரியவங்க வாலட்ல கட்றாங்க. 9 வரிசையும் போட்டுட்டு எந்த ரெண்டு ஃபீல்டை வேணா எடுத்து சரி பாரு, எல்லா ஜோடியும் சரியா ஒரு தடவை வந்திருக்கும். இதுக்கு ஆர்த்தகோனல் அர்ரேன்னு பேரு, 1940கள்ல நம்ம சி.ஆர்.ராவ் புள்ளியியல் சோதனைகளுக்காக கொண்டு வந்தது, பிற்பாடு டெஸ்டிங்குக்கு வந்துச்சு.

ஜோடி போதும்னு கண்ண மூடிட்டு நம்பவும் கூடாது. அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற தர நிர்ணய அமைப்பு ஆளுங்க 2004ல வெளியிட்ட ஆய்வுல மருத்துவக் கருவி, பிரவுசர், சர்வர்னு பல சிஸ்டத்தோட கோளாறுகளை பார்த்தாங்க, பெரும்பாலானது ஒண்ணு ரெண்டு காரணி சேர்றதுலயே வந்திருக்கு, 6 காரணிக்கு மேல சேர்ந்தா தான் வரும்னு எதுவும் அங்க தென்படல. அதனால பணம் சம்பந்தப்பட்ட இடத்துல மூணு மூணா சேர்த்து பார்க்கறது நல்லது.

முத்தியால்பேட்டை செக்யூரிட்டி:
நான் ஓடிபி பக்கம் மட்டும் சொல்றேன்மா. 6 இலக்கம்னா 10 லட்சம் வாய்ப்பு, பெருசா தெரியும். தப்பா போட்டா தடுக்கவே இல்லன்னு வை, செகண்டுக்கு 100 தடவ அடிக்கற ஸ்கிரிப்ட் 5 நிமிஷத்துல 30,000 நம்பர் பார்த்துடும், அது 3 சதவீதம், ஓடிபி காலாவதியானா திரும்ப கேட்டு மறுபடி 3 சதவீதம், இப்படி போயிட்டே இருக்கும். 5 தடவையோட பூட்டிட்டா 2 லட்சத்துல ஒண்ணு. ஆனா "மறுபடி அனுப்பு" அமுக்குனதும் அந்த 5 திரும்ப பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்குதான்னு கண்டிப்பா ஒரு டெஸ்ட் எழுது, நிறைய ஆப்ல ஓட்டையே அங்க தான்.

அடுத்தது கிராஃப், ஆப்போட பக்கங்கள புள்ளியாவும் போற வழிய கோடாவும் வச்சுக்க. நம்பர் போடறது, ஓடிபி, சீட், பயணி விவரம், பணம், டிக்கெட்னு 6 பக்கம் இருக்கா, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு போற வழி மொத்தம் 36 (அதே பக்கத்துக்கு வர்றதையும் சேர்த்து). நீ அனுமதிக்கறது ஒரு 10 இருக்கும். எல்லாரும் அந்த 10ஐ தான் டெஸ்ட் பண்றாங்க. மிச்ச 26ஐயும் சர்வர் மறுக்குதான்னு பாரு, சீட் பக்கத்துலேர்ந்து நேரா டிக்கெட் யூஆர்எல்ல தட்டினா பணம் கட்டாமலே டிக்கெட் வருதான்னு. ஓவாஸ்ப்ங்கற வெப் செக்யூரிட்டி அமைப்போட 2021 ஓட்டைப் பட்டியல்ல முதல் இடமே அனுமதி சரிபாக்காம விடற ஓட்டைக்கு தான்.

டிக்கெட் நம்பரை 6 இலக்கத்துல ரேண்டமா போடாத. சுமார் 1,200 டிக்கெட் வித்தாலே எங்கயோ ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் விழ பாதிக்கு மேல வாய்ப்பு, ஏன்னா அங்க எண்ண வேண்டியது டிக்கெட்டை இல்ல, ஜோடிய, அது 7 லட்சத்த தாண்டுது.

மஞ்சக்குப்பம் எம்சிஏ:
அக்கா, அண்ணா ரொம்ப நன்றி! 9 வரிசையும் போட்டுட்டேன், ஜோடியெல்லாம் சரியா வருது. ஒரே சந்தேகம், கடலூர்–பாண்டிக்கு ஸ்லீப்பர் பஸ்ஸே கிடையாதே, அந்த ஒரு வரிசைய எடுத்துடலாமா?

லாஸ்பேட்டை க்யூஏ:
அப்படியே எடுத்துடாதம்மா. அந்த வரிசை கடலூர்–பாண்டி, ஸ்லீப்பர், மூத்த குடிமக்கள், கார்டு. அதுல 6 ஜோடி இருக்கு, தப்பானது ஒண்ணே ஒண்ணு, எடுத்தா நல்ல ஜோடி 5ம் சேர்ந்து போயிடும். மூத்த குடிமக்கள் கார்டுல கட்றது வேற எந்த வரிசையிலயும் இல்ல, சலுகை கட்டணம் தப்பா கழியறது அங்க கூட இருக்கலாம். அதனால அத ரெண்டா பிரி: ஒண்ணு கடலூர்–பாண்டி சாதா பஸ், இன்னொண்ணு பெங்களூரு ஸ்லீப்பர், ரெண்டுலயும் மூத்த குடிமக்கள், கார்டு. மொத்தம் 10. கடலூர்–பாண்டிக்கு ஸ்லீப்பர் கேட்டா ஆப் மறுக்குதான்னு தனியா ஒண்ணு, ஆக 11. ஃபீல்டு கூடினா கையால முடியாது, மைக்ரோசாஃப்ட்டோட பிக்ட்னு ஒரு இலவச டூல் இருக்கு, இந்த மாதிரி நிபந்தனைய அதுலயே எழுதிடலாம்.