சாக்லேட் முன்னால் காத்திருக்க முடியாத நாலு வயசு: பெற்றோருக்கு என்ன சொல்லலாம்?

அம்மாபேட்டை_டீச்சர்:
வணக்கம். எங்க வகுப்புல மூணுலேர்ந்து ஆறு வயசுக் குழந்தைங்க. தட்டுல ஒரு சாக்லேட் வச்சுட்டு, "நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு" என்று சொல்லிப் போகிற வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல சுத்துது. பல பேர் வீட்டுல செஞ்சு பார்த்துட்டு, "எங்க புள்ளைக்குக் கட்டுப்பாடே இல்ல டீச்சர்"னு வருத்தப்படறாங்க. இதை நம்பலாமா? தினமும் என்ன செய்யச் சொல்லலாம்?

அஸ்தம்பட்டி_உளவியல்:
இந்தச் சோதனையை உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் தொடங்கினார். காத்திருக்க எது உதவுகிறது என்பதே அவர் தேடியது. தின்பண்டத்தை மூடி வைத்தால் குழந்தைகள் அதிக நேரம் தாங்கினார்கள். வேறு ஜாலியான விஷயத்தை நினைக்கச் சொன்னாலும் அப்படியே. ருசியையே நினைத்தவர்கள் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். காத்திருந்த குழந்தைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள் என்ற பேச்சு பிறகு வந்தது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. எதிர்காலத்தை அந்தத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு. முதலில் ஒருவர், "இன்னும் நல்ல வரையற சாமான் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் "இல்லையே" என்று வெறுங்கையோடு வந்தார். அதன்பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். அழுகையை நிறுத்த "ஞாயித்துக்கிழமை ஏற்காடு போலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடும் வீட்டில், கிடைத்ததை உடனே வாயில் போடுவதுதான் குழந்தைக்குச் சரியான கணக்கு.

வயதையும் பாருங்கள். அட்டைகளை நிறப்படி பிரித்த மூன்று வயதுக் குழந்தையிடம் "இப்ப வடிவப்படி பிரி" என்றால், விதியைச் சரியாகத் திருப்பிச் சொல்லும். கை மட்டும் நிறப்படியே போகும். நாலு, ஐந்து வயதில்தான் பெரும்பாலும் மாற்றிக்கொள்கிறார்கள். இதற்கு அடம் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஏற்காடு_சிறப்பாசிரியர்:
டீச்சர், வகுப்புக்கு ஒரு விளையாட்டு. "தலை" என்றால் காலைத் தொடணும், "கால்" என்றால் தலையை. ரெண்டு நிமிஷம் நேராவே விளையாடிட்டு அப்புறம் மாத்துங்க. பழகினதும் தோள், முட்டியைச் சேருங்க. வட்டத்துல வெளிப்பக்கம் பார்த்து நிக்க வைங்க, இல்லைன்னா பக்கத்துல நிக்கிறவங்களைப் பார்த்துச் செஞ்சுடுவாங்க. தப்புப் பண்ணினா "அவுட்" வேண்டவே வேண்டாம். யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தக் குழந்தைதான் முதல்ல போய் உக்காரும். கல்லா மண்ணாவும் நல்லதுதான்.

வீட்டுல "கொஞ்ச நேரம் இரு"ங்கறது குழந்தைக்குப் புரியற அளவு இல்லை. "குக்கர் மூணு விசில் அடிக்கட்டும்"னா புரியும். முதல்ல ஒண்ணு, ரெண்டு நிமிஷம் போதும். தட்டுவடை செட் கடையில முன்னாடி நாலு பேர் நின்னா போனைக் கையில திணிக்காம, ஒரு வேலை கொடுங்க: கீழ்த் தட்டுவடையில எந்தச் சட்னி முதல்ல, கேரட் பீட்ரூட் துருவல் எப்ப, மேல் வடை எப்பன்னு வரிசையா சொல்லச் சொல்லுங்க. கவனத்தைத் திருப்பிக்கிறதுக்கு அதுவே பயிற்சி.

அம்மாபேட்டை_டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. "நீயே முடிவு பண்ணுன்னு விட்டா, எல்லாத்துக்கும் வேண்டாம்ங்கறான்"னு ஒரு அம்மா கேக்கறாங்க.

அஸ்தம்பட்டி_உளவியல்:
"குளிக்கறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தானே. "சொம்பால ஊத்தவா, நீயே ஊத்திக்கறியா?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டுமே நமக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். மருந்துக்கும் அஞ்சு ரோடு சந்திப்பில் சாலை கடப்பதற்கும் இப்படி விருப்பம் கேட்கக் கூடாது.

தன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் அளவிட்டு எழுதினார். தானே கையால் செய்து பார்க்கும்போது அந்த எண்ணம் வளர்கிறது. சொம்பில் பாதித் தண்ணீர் வைத்து டம்ளரில் ஊற்ற விடுங்கள். நிறைய இருந்தால் கனம் தாங்காமல் சிந்தும், பெரியவர் பிடுங்கிக்கொள்வார். ஊற்றியதும் "மெதுவா சாய்ச்ச, அதான் சிந்தல" என்று காரணத்தைச் சொல்லுங்கள். "பூச்சாண்டி வந்துடுவான்" என்று மிரட்டினால் அடங்குவான், ஆனால் எதைச் செய்தால் சரியாகும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஏற்காடு_சிறப்பாசிரியர்:
கத்தி அழும்போது விளக்கம் எதுவும் ஏறாது. பக்கத்துல உக்காந்து, "கோவமா இருக்கா" என்ற ஒரு வார்த்தை போதும், பேச்சு அப்புறம். ஆறு வயசுக்கு மேலயும், ஆறு மாசத்துக்கும் மேலா, வீட்டுலயும் பள்ளிக்கூடத்துலயும் ஒரே மாதிரி துறுதுறுப்பு படிப்பையும் நட்பையும் கெடுத்தா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை குழந்தைகள் நலப் பிரிவுல காட்டச் சொல்லுங்க. போறப்ப நீங்க ரெண்டு வாரம் கவனிச்சதை எழுதிக் கொடுத்தா டாக்டருக்கு ரொம்ப உதவும்: எந்த நேரம், என்ன வேலை, எத்தனை நிமிஷம் தாங்கினான்னு.