ஃபெர்குசன் டிஇஏ-20 டிராக்டர்: புதிய பாயிண்ட் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைச் சீர்செய்ய வழி உண்டா?

வேளச்சேரி_ஃபெர்குசன்:

அனைவருக்கும் வணக்கம். உத்திரமேரூர் பக்கத்து நிலத்தில் என் தாத்தா ஓட்டிய ஃபெர்குசன் டிஇஏ-20 டிராக்டர், நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த பிறகு, இப்போது வேளச்சேரியில் எங்கள் வீட்டில் நிற்கிறது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், பிளக்குகளுக்கு மின்சாரத்தை வரிசையாகப் பங்கிடும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர், 12 வோல்ட் பேட்டரி. டேங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தாகிவிட்டது. அவற்றில் குறை எதுவும் தெரியவில்லை.

குளிர்ந்த நிலையில், கியர் கம்பியை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளியதுமே என்ஜின் பிடித்துக்கொள்கிறது. சூடேறிய பின்தான் தொல்லை தொடங்குகிறது. திராட்டிலைக் கூட்டினால் விட்டுவிட்டு வெடிக்கிறது, இழுவை குறைகிறது, சில நேரம் சைலன்சரில் பட்டென்று வெடிக்கும் ஓசையும் கேட்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தீப்பொறி மஞ்சளாகவும் மெலிதாகவும் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டையும், அது கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார்; சில நாள் நன்றாக ஓடியது, பிறகு பாயிண்ட் கறுத்துப் போய்ப் பழைய நிலையே திரும்பிவிட்டது. இனி இதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு டிஸ்ட்ரிபியூட்டர் போடுவதே நல்லது என்று அவர் சொல்கிறார். தாத்தா கையால் பராமரித்த உறுப்பு என்பதால் எனக்கு மனம் வரவில்லை. எதை முதலில் சோதிக்க வேண்டும்? சென்னையில் இதைச் சீர்செய்ய முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாடி_பழைய_பட்டறை:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. புதிய பாயிண்ட் சில நாள் ஓடிவிட்டு மறுபடியும் கெட்டது என்கிறீர்கள். பாயிண்டும் கண்டன்சரும் தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள்; அவற்றை மாற்றியும் கோளாறு திரும்புகிறது என்றால், அவற்றைக் கெடுக்கும் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் பணம்தான் வீணாகும்.

டிஸ்ட்ரிபியூட்டரை இப்போதைக்கு வண்டியிலிருந்து கழற்ற வேண்டாம். மேல்மூடியான கேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் வயருக்கும் மின்சாரத்தைத் திருப்பிவிடும் ரோட்டார் உட்காரும் தண்டின் தலையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலால் என்ஜினை மெதுவாகச் சுற்றி, பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜால் (அளவிட்ட மெல்லிய தகடுகளால்) இடைவெளியைத் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் அளந்து பூட்டிவிடுவதுதான் பட்டறைகளில் வழக்கம். உங்கள் வண்டியில் அது போதாது. ஒவ்வோர் அளவையும் எடுக்கும்போது தண்டை ஒரு பக்கம் தள்ளி ஒருமுறை, மறுபக்கம் தள்ளி ஒருமுறை பாருங்கள். தள்ளும்போது அளவு மாறினால் குற்றம் புஷ்ஷில். தள்ளினாலும் மாறாமல், ஆனால் முனைக்கு முனை வேறுபட்டால், தண்டு வளைந்திருக்கலாம் அல்லது கேம் தேய்ந்திருக்கலாம்.

இந்தச் சிறு வேறுபாடு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், தீப்பொறியும் முன்கூட்டியே பாயும், குறைந்தால் தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், தண்டில் ஒரு டிகிரி பிசகு கிராங்கில் இரண்டு டிகிரி பிசகாகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது பாயிண்ட் நிமிடத்துக்கு 4000 முறை திறந்து மூடுகிறது. தண்டு ஆடிக்கொண்டே சுற்றினால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான டைமிங் (தீப்பொறி பாயும் நேரம்) அமையும். டைமிங் விளக்கு வைத்து ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற மூன்றும் தவறாகவே இருக்கும்.

இடைவெளி அளவிலும் கவனம் தேவை. டிஇஏ-20 உடன் வந்த பழைய லூகாஸ் வகைக்கு 0.010 முதல் 0.012 அங்குலம். அம்பாசடர் போன்ற வண்டிகளில் வந்த பிந்தைய வகைக்கு 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நம் மெக்கானிக்குகளுக்குப் பழகிய அளவு இரண்டாவது என்பதால் எல்லா லூகாஸிலும் அதையே வைத்துவிடுகிறார்கள். உடலில் பொறித்திருக்கும் வகை எண்ணைப் பார்த்து, அந்த வகைக்குரிய அளவையே வையுங்கள்.

அடுத்தது, தீப்பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயில். முதன்மைச் சுற்றின் தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். பாலஸ்ட் (கூடுதல் மின்தடை) இல்லாமல் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் காயிலுக்கு ஏறக்குறைய 3 ஓம் இருக்க வேண்டும். யாராவது 1.5 ஓம் காயிலை மாட்டியிருந்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகி, காயில் கொதித்து, பாயிண்டும் விரைவில் கருகும். சூடேறியதும் தொல்லை தருகிறது என்று நீங்கள் சொல்வதால் இதையும் விலக்க முடியாது.

ராயப்பேட்டை_உதிரி:

மேலே ஐயா சொன்னவற்றுடன் ரோட்டாரையும் சோதியுங்கள். புதிதாகச் சந்தைக்கு வரும் சில ரோட்டார்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் ஆழமாக இறங்கி, தண்டுக்கும் அதற்கும் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே மிஞ்சுகிறது. சூட்டில் அது ஓட்டையாகி மின்சாரம் தண்டு வழியாக எர்த் ஆகிவிடும். கேப்பைக் கழற்றி, காயில் வயரின் நுனியை நல்ல காப்புள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்குச் சற்று மேலே நிறுத்தி, பாயிண்டைத் திறந்து மூடுங்கள். தீப்பொறி ரோட்டாருக்குள் பாய்ந்தால் அது கெட்டுவிட்டது. கேப்பின் உட்புறத்தில் பென்சில் கோடு போன்ற கரித்தடம் இருக்கிறதா, நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கில் அமுங்கி மீள்கிறதா என்றும் பாருங்கள்.

உதிரிக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். ஒரு வசதி நமக்கு உண்டு: உங்கள் டிராக்டர் என்ஜினும் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் என்ஜினும் ஒரே குடும்பம், அந்தக் காரை நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. ஆகவே பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் கேப், ரோட்டார் போன்றவை கிடைக்கலாம். பழையதைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் காரிலிருந்து எடுத்து மாட்ட வேண்டாம், ஏனெனில் வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் அமைப்பின் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அமைக்கப்பட்டவை.

என் சொந்தக் கருத்து: பாயிண்டை எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் கேப்புக்குள் அடங்கும் எலக்ட்ரானிக் தொகுதியைப் பொருத்துங்கள். தொல்லை தீரும்.

வேளச்சேரி_ஃபெர்குசன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே சோதித்தேன். ரோட்டார் நன்றாக இருக்கிறது, காயில் 3 ஓமுக்குச் சற்றே மேல் காட்டுகிறது. ஆனால் தண்டில் ஆட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரே முனையில் தண்டை ஒரு பக்கம் தள்ளினால் 0.008 அங்குலம், மறுபக்கம் தள்ளினால் 0.014 வரை போகிறது. இன்னொன்றும் கண்டேன்: பேட்டரியின் நெகட்டிவ் எர்த் ஆக (வண்டியின் உடலோடு) இணைக்கப்பட்டிருக்கிறது, காயில் வயர்களோ பழைய முறையிலேயே இருக்கின்றன. எலக்ட்ரானிக் தொகுதி வைத்தால் புஷ் வேலையைத் தவிர்க்க முடியுமா?

அம்பத்தூர்_லேத்:

தவிர்க்க முடியாது. எலக்ட்ரானிக் தொகுதியும் அதே தண்டில் பொருத்திய காந்த வளையத்தைப் பார்த்துத்தான் தீப்பொறியை விடுகிறது. ஆட்டத்தின் பாதிப்பு அதில் குறையும் என்பது உண்மைதான், ஆனால் புஷ் தேய்வது தொடரும். நீங்கள் தந்திருக்கும் அளவுகளைப் பார்த்தால் புஷ் மாற்றியே ஆக வேண்டும். இது சென்னையில் செய்யக்கூடிய வேலைதான். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் நுணுக்கமாக வேலை செய்யும் லேத் பட்டறைகள் இருக்கின்றன.

கழற்றும் முறைதான் இதில் பாதி வேலை. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்த நிலையில் என்ஜினை நிறுத்தி, ரோட்டார் நோக்கும் திசையை உடலில் கீறி அடையாளமிட்டு, அதன் பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுங்கள். கீழ்முனையில் இருக்கும் இணைப்புத் துண்டின் நாக்கு நடுவிலிருந்து விலகி அமைந்திருக்கும். அதைப் பிடிக்கும் பின்னைத் தட்டி எடுக்கும் முன், ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கும்போது நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பூட்டினால் டைமிங் கிராங்கில் ஒரு முழுச் சுற்று தள்ளிப்போய், என்ஜின் பிடிக்கவே பிடிக்காது.

தண்டை வெளியே எடுத்ததும் மைக்ரோமீட்டரில் அளந்து, தேயாத இடத்தையும் புஷ்ஷில் உரசிய இடத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தண்டு கோடு விழாமல் இருந்தால் புஷ் மட்டும் போதும். எண்ணெய் உறிஞ்சும் நுண்துளை வெண்கலப் புஷ் கிடைத்தால், அதை ஓரிரவு என்ஜின் ஆயிலில் ஊறவைத்து, வழவழப்பான மாண்ட்ரல் (உருளைக் கம்பி) வைத்து அழுத்தி இறக்க வேண்டும். அதை ரீமர் (துளையைச் சீவும் கருவி) போட்டுக் கடையக் கூடாது, துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸில் கடைந்து போட்டால் எண்ணெய்க்குக் கட்டாயம் வழி வெட்டச் சொல்லுங்கள்.

பாயிண்ட் தட்டுக்குக் கீழே அட்வான்ஸுக்கான இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். நெடுங்காலம் நின்ற வண்டி என்பதால் பழைய கிரீஸ் இறுகி அவற்றைப் பிடித்து வைத்திருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவி, மூட்டுகளில் மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஒரு ஸ்பிரிங் இறுக்கமாகவும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால் அது பழுது அல்ல, அவ்வாறே அமைத்திருப்பார்கள். அதை வெட்டிச் சரிசெய்யும் பட்டறையிடம் கொடுக்க வேண்டாம். தட்டிலிருந்து உடலுக்குச் செல்லும் சிறிய எர்த் பின்னல் வயரையும் பாருங்கள். நம் கடற்காற்றில் அது பச்சைக் களிம்பு பிடித்து உள்ளுக்குள்ளேயே அற்றிருக்கலாம்.

எர்த் மாற்றப்பட்டிருப்பது உங்கள் மஞ்சள் தீப்பொறிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். துருவம் மாறினால் பிளக்கில் பொறி பாயக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படுகிறது. நெகட்டிவ் எர்த் நிலையிலேயே வைத்திருக்க விரும்பினால், காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பழைய முறைப்படி பாசிட்டிவ் எர்த்துக்குத் திரும்பினால் இப்போது இருப்பது போலவே விடலாம், ஆனால் டைனமோவை மறுபடி துருவப்படுத்த வேண்டியிருக்கும்.

திரும்பப் பூட்டிய பின் இடைவெளியை வைத்து, அதன் பிறகே டைமிங் வையுங்கள், வரிசை மாறினால் இரண்டும் பிசகும். டிஸ்ட்ரிபியூட்டர் சிறு வயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் விளக்கை இணைத்து, சாவியைத் திறந்து, உடலை மெதுவாகத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் விளக்கு எரியும். சிலிண்டர்களில் தீப்பொறி பாயும் வரிசை 1-3-4-2. ரோட்டாருக்கு அடியில் உள்ள திரியில் ஓரிரு துளி எண்ணெய், கேமில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பாயிண்ட் கறுப்பதற்கு அதிக எண்ணெயும் ஒரு காரணம். புதிய பாயிண்டின் ஃபைபர் அடி கேமில் படிந்து அமர்ந்ததும் இடைவெளி சற்றுக் குறையும், ஆகவே சிறிது காலம் ஓட்டிய பின் மறுபடி அளந்து சரிசெய்துகொள்ளுங்கள்.