மணல் நிலத்தில் மின்வேலிக்கு எர்த் போதவில்லையா?

கேள்வி (மணலி புதுநகர்):
ஒரு ஏக்கரில் கீரையும் வெண்டையும் பயிரிட்டு, தெருவில் திரியும் மாடுகள் நுழையாதிருக்க 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் மின்வேலி அமைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் வேலியைத் தொட்ட மாடு துள்ளி ஓடியது. இப்போது சித்திரை வெயிலில் மீட்டர் 5000 வோல்ட் காட்டியும், அதே மாடுகள் கம்பியைக் கழுத்தால் தள்ளிக்கொண்டு வருகின்றன. எர்த்துக்கு வீட்டுச் சுவரோரம் 3 அடிக் கம்பி ஒன்றை அடித்து, வீட்டு எர்த்தோடு இணைத்திருக்கிறேன். கோளாறு வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியிலா, எர்த்திலா?

பதில் (மாதவரம்):
ஐயா, எர்த்தில்தான். பெட்டியிலிருந்து செல்லும் மின்சாரம் மாட்டின் உடல் வழியாகத் தரையில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே சென்று எர்த் கம்பியை அடைந்து பெட்டிக்குத் திரும்பினால்தான் மாட்டுக்கு அடி விழும். எதுவும் தொடாதபோது மீட்டர் காட்டும் 5000 வோல்ட், அந்தத் திரும்பும் வழி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. காய்ந்த மணலில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

முதலில் வீட்டு எர்த்தின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்; வேலியின் எர்த் அதிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 6 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிகள் மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில், கிணற்றடி போல ஈரம் நிற்கும் இடத்தில் அடித்து, ஒரே ஜிஐ கம்பியால் கிளாம்ப் போட்டு இணையுங்கள். பிறகு பெட்டியை நிறுத்தி, 100 மீட்டருக்கு அப்பால் இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றி வேலியில் சாய்த்துவிட்டு, மீண்டும் இயக்குங்கள். வேலி 2000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும், கடைசி எர்த் கம்பிக்கும் ஒரு மீட்டர் தள்ளி ஊன்றிய ஆணிக்கும் இடையே அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் கம்பிகள் தேவை.

பதில் (எண்ணூர்):
மேலே சொன்னது சரி. எங்கள் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சென்ற ஆண்டு என் வேலி தளர்ந்தபோது கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே செந்தூளாகத் துரு உதிர்ந்தது, வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. செம்புக் கம்பியை ஜிஐயோடு முறுக்கினால் அரிப்பு இன்னும் விரைவாகும். இன்சுலேட்டர்களில் படியும் உப்பை, பெட்டியை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வேலி மின்சாரத்தை வாசல் கேட்டுக்கு அடியில் கொண்டுசெல்ல வீட்டு வயரைப் புதைக்காதீர்கள். வேலியின் அழுத்தத்தை அதன் உறை தாங்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வீட்டு எர்த்தைக் கழற்றி, கிணற்றடியில் மூன்று கம்பிகள் அடித்தேன். சோதனையில் முதலில் 700 வோல்ட் வந்தது. நான்காவது கம்பிக்குப் பின் 200 ஆனது. நேற்று மாலை சிவப்புப் பசு மூக்கை வைத்ததும் பின்வாங்கியது.