தாத்தாவின் புத்தகத்தை எழுத்தாக்கும்போது புள்ளியெல்லாம் காணாமல் போகிறது: ஓப்பன்சிவி, டெசராக்ட் உதவி வேண்டும்

மல்லிகைக்கொடி எழுதியது:

வணக்கம். என் தாத்தா சித்த வைத்தியர். தன் மருந்துக் குறிப்புகளை 1961ல் சொந்தச் செலவில் 112 பக்கப் புத்தகமாக அச்சடித்தார். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அட்டை போய்விட்டது, தாள் பழுப்பேறி ஓரம் தொட்டாலே உதிர்கிறது. அது முழுசாக உதிர்வதற்குள் தேடிப் பார்க்கும்படி கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று போனில் படம் எடுத்து, பைத்தானில் ஓப்பன்சிவி என்ற பட வேலைத் தொகுப்பை வைத்துச் சுத்தம் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்டிடம் கொடுத்துப் பார்க்கிறேன். என் வேலை கணக்கு எழுதுவது, பைத்தான் அதற்காகக் கற்றதுதான், பட வேலை எனக்குப் புதிது.

இரண்டு பிரச்சினை. ஒன்று, படங்களை "தாத்தா புத்தகம்" என்ற ஃபோல்டரில் வைத்தால் ஓப்பன்சிவியின் படம் படிக்கும் கட்டளையான ஐஎம்ரீட் எதையும் படிப்பதில்லை. அடுத்த வரியில் நன்டைப்புக்கு ஷேப் கிடையாது என்று பிழை வருகிறது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது, நூறு தடவை பார்த்துவிட்டேன். விண்டோஸ் 11.

இரண்டாவதுதான் பெரியது. ஒரு பக்கத்தை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். "சுக்கு, மிளகு, திப்பிலி வகைக்குக் கழஞ்சு ஒன்று" என்று இருக்க வேண்டிய வரி "சுககு, மிளகு, திபபிலி வகைககுக கழஞசு ஒனறு" என்று வருகிறது. பக்கம் முழுக்க இதே கதை. இணையத்தில் பார்த்த படிகளைத்தான் வரிசையாகச் செய்தேன்: சாம்பல் நிறமாக்கி, 700 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, தூசி போக மீடியன்பிளர் 5, வெறும் கருப்பு வெள்ளையாக்க ஓட்சு த்ரெஷோல்ட், கடைசியில் சின்னக் கறைகள் போக மார்ப் ஓப்பன். டெசராக்டின் தமிழ் மாடலே இப்படித்தானா, இல்லை நான் எங்கேயாவது தப்பு செய்கிறேனா?

வைகைக்கரை எழுதியது:

முதலாவதுக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், ஆபீஸில் இருக்கிறேன். விண்டோஸில் ஓப்பன்சிவியின் ஐஎம்ரீடுக்குத் தமிழ் எழுத்துள்ள பாதை பிடிக்காது. பிழையும் சொல்லாமல் சும்மா நன், அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பிக் கொடுத்துவிடும், அதனால்தான் அடுத்த வரியில் போய் வெடிக்கிறது. ஃபோல்டர் பெயரை மாற்ற மனமில்லை என்றால் எண் வரிசைகளுக்கான நம்பை தொகுப்பின் ஃப்ரம்ஃபைல் வைத்து பைட்டுகளாகப் படித்து ஐஎம்டீகோடிடம் கொடுங்கள். சேமிக்கும்போதும் இதே தொல்லை வரும், அங்கே ஐஎம்என்கோட் செய்து டுஃபைல். எதைப் படித்தாலும் அடுத்த வரியிலேயே வந்தது நன் தானா என்று ஒரு சோதனை போட்டுவிடுங்கள்.

மல்லிகைக்கொடி எழுதியது:

நன்றி அண்ணா, இப்போது படிக்கிறது. ஆனால் பாதிப் படங்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகின்றன. போன் கேலரியில் நேராகத்தான் தெரிகின்றன. டெஸ்க்டாப்பில் வைத்துச் சோதித்த பக்கமும் இப்போது படுத்துவிட்டது, நேற்று நேராக வந்தது.

வைகைக்கரை எழுதியது:

ஐஎம்டீகோடில் இரண்டாவது மதிப்பாக மைனஸ் 1 போட்டீர்களா? இணையத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மைனஸ் 1 என்றால் "உள்ளதை உள்ளபடி கொடு" என்று அர்த்தம். போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, சென்சாரில் விழுந்தபடியே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை எக்ஸிஃப் குறிப்பில் எழுதி வைக்கிறது. மைனஸ் 1 போட்டால் ஓப்பன்சிவி அந்தக் குறிப்பைப் பார்க்காது. உங்களுக்கு எப்படியும் சாம்பல் நிறம்தானே வேண்டும், 0 போடுங்கள், திருப்பித் தந்துவிடும். நடுவில் எங்காவது பில்லோ என்ற இன்னொரு படத் தொகுப்பில் படத்தைத் திறந்தால் அங்கேயும் கவனம், அது தானாகத் திருப்பாது, எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்று தனியாகக் கூப்பிட வேண்டும்.

பிக்சல்பித்தன் எழுதியது:

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இந்த வேலை செய்கிற ஏறக்குறைய எல்லோரும் விழுகிற குழி இது. மாடல் மேல் தப்பில்லை. டெசராக்ட் பார்க்கும் முன்னாலேயே நீங்கள் புள்ளிகளை அழித்துவிடுகிறீர்கள்.

அளந்து பாருங்கள். அந்தக் காலத்துச் சிறு புத்தகத்தின் அகலம் சுமார் 12 செ.மீ. இருக்கும். அதை 700 பிக்சலாகக் குறைத்தால் அங்குலத்துக்கு 150 பிக்சல்கூட வராது. அச்சில் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் படத்தில் அது வெறும் 3 பிக்சல். அதற்கு மேல் மீடியன்பிளர் 5 போடுகிறீர்கள். அது 5க்கு 5 சதுரத்தில் உள்ள 25 பிக்சலை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை, அதாவது 13வதை எடுக்கும். உங்கள் புள்ளி முழுசாகச் சேர்த்தாலும் 9 கருப்புப் பிக்சல்தான், மீதி 16ம் வெள்ளை. எந்தப் பிக்சலில் நின்று பார்த்தாலும் வெள்ளைதான் ஜெயிக்கும். ஒரு புள்ளிகூடத் தப்பாது.

ஆங்கிலத்துக்கு எழுதின படிகளை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்தது இது. ஆங்கிலத்தில் ஐ, ஜே தலையிலுள்ள புள்ளி போனாலும் வார்த்தையை ஊகித்துவிடலாம். நமக்குப் புள்ளிதான் மெய்யெழுத்து. அதைத் தூசி என்று துடைத்தால் மொழியே போய்விடும்.

அடுத்து மார்ப் ஓப்பன். ஓப்பன்சிவிக்கு வெள்ளைதான் பொருள், கருப்பு பின்னணி. உங்கள் படத்தில் எழுத்து கருப்பு, தாள் வெள்ளை. ஆகவே ஓப்பன் போட்டால் நீங்கள் நினைக்கிற மாதிரி கரும்புள்ளி போகாது, சின்னச் சின்ன வெள்ளை இடங்கள்தான் அடைபடும். ன, ண சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைந்து எழுத்து உருண்டையாகிவிடும். "ஒன்று" வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சுழி இருக்காது.

இப்படிச் செய்யுங்கள். 700ஐ 1400 ஆக்குங்கள், அங்குலத்துக்கு 300 பிக்சல் ஏறக்குறைய வந்துவிடும், டெசராக்ட் கேட்பதும் அந்த அளவுதான். புள்ளியும் 6 பிக்சல் ஆகிவிடும். குறைக்கும்போது இன்டர்ஏரியா என்ற முறையைக் கொடுங்கள். மீடியன்பிளரை எடுத்துவிடுங்கள், மனசு கேட்கவில்லை என்றால் 3 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மார்ப் ஓப்பனே வேண்டாம். ஓட்டியபின் ஒவ்வொரு படியின் படத்தையும் தனித்தனியாகச் சேமித்து, "சுக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எந்தப் படியில் புள்ளி போகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மல்லிகைக்கொடி எழுதியது:

அண்ணா, பார்த்தேன். மீடியன்பிளர் படத்தில் "சுக்கு"வில் உள்ள க், க ஆகிவிட்டது, அதற்கு முந்தைய படத்தில் மங்கலாகவாவது இருந்தது. நீங்கள் சொன்னபடி மாற்றியதும் "சுக்கு, மிளகு, திப்பிலி" சரியாக வந்தது. சத்தம் போட்டுப் படித்தேன், அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

ஆனால் எல்லாப் பக்கமும் இப்படி வரவில்லை. தைத்த ஓரம் வளைந்து நிழல் விழும் பக்கங்களில் ஓட்சு போட்டால் அந்தக் கால்வாசி ஒரே கருப்பாகிவிடுகிறது. நிழலைக் கழிக்கலாம் என்று படத்தைப் பெரிதாக மங்கலாக்கி, மூலப் படத்திலிருந்து கழித்தேன். இன்னும் மோசம், எழுத்தெல்லாம் வெளுத்துத் தாள் முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகச் சிதறல்.

வைகைக்கரை எழுதியது:

கழித்தலை நம்பையின் மைனஸ் குறியால் செய்திருப்பீர்கள். படம் 8 பிட், 0 முதல் 255 வரைதான் இடம் உண்டு. 100லிருந்து 130 கழித்தால் மைனஸ் 30 வராது, சுற்றிக்கொண்டு போய் 226 ஆகிவிடும், கருப்பு வெள்ளையாகிறது. கூட்டினாலும் அப்படித்தான், 200ம் 100ம் சேர்ந்தால் 44. ஓப்பன்சிவியின் சொந்த ஆட், சப்ட்ராக்ட் என்றால் 0லும் 255லும் நின்றுவிடும்.

உங்கள் வேலைக்குக் கழித்தலைவிட வகுத்தல் நல்லது. நிழல் என்பது வெளிச்சம் இத்தனை பங்கு குறைவது. அதனால் மங்கலாக்கிய படத்தால் மூலப் படத்தை ஓப்பன்சிவியின் டிவைட் வைத்து, ஸ்கேல் 255 கொடுத்து வகுத்தால் தாள் ஒரே வெள்ளையாகிவிடும். அப்புறம் ஓட்சுவே போதும். இல்லை என்றால் நேரே அடாப்டிவ் த்ரெஷோல்ட், காஸியன் வகை, அது ஒவ்வொரு இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்துக் கருப்பா வெள்ளையா என்று முடிவு செய்யும். பிளாக் அளவு ஒற்றைப்படையாக, ஒரு எழுத்தின் உயரத்தைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கட்டும், உங்கள் படத்துக்கு 41 அல்லது 51. சுற்றுப்புறச் சராசரியிலிருந்து கழிக்கும் சி மதிப்பை 10லிருந்து ஆரம்பியுங்கள். பிளாக்கைச் சிறிதாக வைத்தால் தடித்த எழுத்தின் நடுவே வெளுத்துவிடும்.

அச்சுக்கோப்பு எழுதியது:

அம்மா, நான் கணினிக்காரன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். இதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. அந்தக் காலத்து ஈய எழுத்து தேயத் தேயப் புள்ளி முதலில் மங்கும், மை சரியாக ஏறாது. சில பக்கங்களில் புள்ளி மூலத்திலேயே மெலிசாகத்தான் இருக்கும். அதைக் கணினி எடுக்கவில்லை என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், எழுத்து அழுந்திய தடம் தெரியும்.

இன்னொன்று. 1961 புத்தகம் என்றால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. 1978ல்தான் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. உங்கள் தாத்தா புத்தகத்தில் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு இருக்கும், ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் ஒரே எழுத்தாகச் சுழித்து இருக்கும். "இலை", "மூன்று வேளை", "நான்கு நாளைக்கு" என்று மருந்துப் புத்தகத்தில் இதெல்லாம் வரிக்கு வரி வருமே. அந்த எந்திரம் அதைப் படிக்கிறதா?

மல்லிகைக்கொடி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் புரிந்தது. "வேப்பிலை" வரும் இடமெல்லாம் கடைசி எழுத்து ஏதோ ஒன்றாக வருகிறது, ஒரு தடவை வந்தது மறு தடவை வருவதில்லை. தாள் அழுக்கு என்று நினைத்திருந்தேன். சாய்த்துப் பார்த்தேன், 31ஆம் பக்கத்தில் "வெந்தயம்" தடம் தெரிந்தது. ரொம்ப நன்றி ஐயா.

பிக்சல்பித்தன் எழுதியது:

ஐயா சொன்னது முக்கியமான விஷயம், எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கணினியில் இருக்கும் எழுத்துருக்களில் மிகப் பெரும்பாலானவை புதிய வடிவம்தான், மாடலும் அதைப் பார்த்துத்தான் பழகியது. பழைய கொம்பை அது அதிகம் பார்த்திருக்காது. படத்தை எத்தனை சுத்தம் செய்தாலும் இது சரியாகாது. 13 எழுத்துதானே, வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு பழைய வடிவத்துக்கும் புத்தகத்திலிருந்தே நல்ல மாதிரி நாலைந்து வெட்டி வைத்துக்கொண்டு, மாதிரியைப் படத்துக்குள் தேடும் மேட்ச்டெம்ப்ளேட் வைத்துப் பக்கத்தில் தேடுங்கள். 0.8க்கு மேல் பொருந்தும் இடங்களைக் குறித்து, அந்த வார்த்தைகளை மட்டும் கண்ணால் திருத்துங்கள். ஒரே அச்சு, ஒரே அளவு என்பதால் இந்த எளிய முறையே நன்றாக வேலை செய்யும். பக்கங்களை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, சாய்வையும் நிமிர்த்திவிடுங்கள், மேட்ச்டெம்ப்ளேட் அளவும் கோணமும் மாறினால் தடுமாறும்.

சாய்வு என்றதும் ஒன்று, எழுத்துகளைச் சுற்றி மிகச் சிறிய செவ்வகம் போடும் மின்ஏரியாரெக்ட் கொடுக்கும் கோணத்தை வைத்து நிமிர்த்தும் பழைய நிரல்களை நம்ப வேண்டாம். ஓப்பன்சிவி 4.5.1ல் அந்தக் கோணத்தின் கணக்கை மாற்றிவிட்டார்கள். முன்பு மைனஸ் 90க்கும் 0க்கும் நடுவே வந்தது, இப்போது 0க்கும் 90க்கும் நடுவே. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் சில பக்கங்கள் 90 டிகிரி கவிழ்ந்துவிடும்.

மல்லிகைக்கொடி எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். 98 பக்கம் முடிந்தது. மருந்து அளவு வரும் ஒவ்வொரு வரியையும் அம்மா புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல நான் திரையில் சரிபார்க்கிறேன், அதில் மட்டும் கணினியை நம்பவில்லை.

மிச்சம் 14 பக்கத்தில் நேர் எதிரான தொல்லை. பூச்சி அரித்த சின்னச் சின்ன ஓட்டைகள். அவை கருப்பாக விழுந்து புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வருகிறது. "கடுகு" என்பது "கடுக்" மாதிரி ஏதோ ஆகிறது. ஒட்டியிருக்கும் திட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் கனெக்டட் காம்பொனென்ட்ஸ் வைத்துச் சின்னதையெல்லாம் எடுத்தால் உண்மையான புள்ளியும் போகிறது.

பிக்சல்பித்தன் எழுதியது:

பரப்பளவை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. இடத்தையும் பாருங்கள். புள்ளி என்றால் நேர் கீழே ஒரு எழுத்து இருக்கும், இடைவெளி எழுத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படி இல்லாத சின்ன உருவங்களை மட்டும் நீக்குங்கள். கனெக்டட் காம்பொனென்ட்ஸ் தரும் வரிசையில் 0 எண் பின்னணிக்கு உரியது, 1லிருந்து எண்ணுங்கள். ஆனால் எழுத்தின் தலைக்கு நேரே விழுந்த ஓட்டையை இதுவும் விட்டுவிடும்.

அச்சுக்கோப்பு எழுதியது:

அம்மா, ஓட்டை ஏன் கருப்பாகத் தெரிகிறது? பின்னால் இருக்கும் பக்கத்தின் நிழல், எழுத்து தெரிவதால்தானே. படம் எடுக்கும் தாளுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை மெதுவாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஓட்டை வெள்ளையாகத் தெரியும், அச்சு மட்டும் கருப்பாக நிற்கும். செருகும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், தைத்த பக்கமாக விரலால் தாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகைக்கொடி எழுதியது:

ஐயா, 73ஆம் பக்கத்தில் செய்து பார்த்தேன். ஓட்டை ஒன்றுகூடக் கருப்பாக விழவில்லை. "கடுகு" கடுகாகவே வந்துவிட்டது. மீதி 13 பக்கத்தையும் நாளைக் காலையில் திண்ணை வெளிச்சத்தில் மறுபடி எடுக்கிறேன், அம்மா தாளைத் தாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.