வீ, மூவ், கினெக்ட்: எங்கள் ஹாலில் மூன்றும்

நின்டெண்டோவின் வீ, சோனி பிளேஸ்டேஷனின் மூவ், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட்: மூன்றும் கையையோ உடம்பையோ அசைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகள். மூன்றில் எது துல்லியம் என்றால் மூவ்தான். எது அதிகம் ஓடியது என்றால் வீ. 2010 கடைசியில் ஜெர்சி சிட்டியில் ஒரு அபார்ட்மென்டில் நாங்கள் சில பேர் சேர்ந்திருந்தோம். ஆளுக்கொரு கன்சோல் வைத்திருந்ததால் மூன்றையும் ஒரே ஹாலில் பார்க்க வாய்த்தது.

வீ டென்னிஸில் ஆள் தானாக ஓடிவிடுவான், நாம் அடித்தால் போதும். முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று முழுக் கையையும் வீசினோம். ஒரு வாரத்தில் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெட்டி ஜெயிக்கப் பழகிவிட்டோம். அந்த ரிமோட்டுக்குள் இருந்தது முடுக்கமானி. கை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, எவ்வளவு வேகமாக வெட்டி இழுக்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். 2009-ல் ரிமோட்டோடு இணைக்கும் மோஷன் ப்ளஸ் வந்து, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் சேர்ந்த பிறகுதான் கை திரும்புவது சரியாகப் பிடிபட்டது. டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' சென்சாரே இல்லை, வெறும் அகச்சிவப்பு விளக்குகள். கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய மெழுகுவர்த்தி இரண்டை அந்த பாருக்குப் பதிலாக டிவி முன்னால் ஏற்றி வைத்துப் பார்த்தோம், ஜம்மென்று வேலை செய்தது.

ரூம்மேட் ஒருவனின் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். பவுலிங்கில் பின்பக்க பட்டனை அழுத்திப் பிடித்து, கையை வீசும்போது விட வேண்டும். அவர் பட்டனை விடவே மாட்டார். "தம்பி, பந்து கையிலேயே ஒட்டிக்கிச்சுப்பா" என்பார். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிய பிறகே ரிமோட்டைக் கொடுப்போம். ரிமோட் பறக்கும் கதைகள் எல்லா ஊரிலும் நடந்ததால்தானே, 2006 டிசம்பரிலேயே நின்டெண்டோ தடிமனான கயிற்றை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது!

2010 செப்டம்பரில் வந்தது மூவ். நுனியில் ஒளிரும் உருண்டை, பார்க்க ஐஸ்கிரீம் கோன் மாதிரி. எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அந்த உருண்டையில்தான் விஷயமே. உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் டிவி பக்கம் வைத்த கேமராவுக்கு வட்டமாகவே தெரியும். வட்டம் பெரிதானால் கை கிட்டே, சிறிதானால் தூரத்தில். பின்னணியோடு குழம்பாத நிறத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். 'ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ்' கேமின் டேபிள் டென்னிஸில் மட்டையை லேசாகச் சாய்த்தால் பந்து சுழன்று போகும். கல்லூரியில் டிடி ஆடியவன் ஒருவன் எங்களில் இருந்தான், அவனை யாராலும் அசைக்க முடியவில்லை. அதுதான் சிக்கலும். வீயில் யாரும் யாரையும் ஜெயிக்கலாம். மூவில் ஆடத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான், மற்றவர்கள் மெதுவாக நழுவிவிட்டோம்.

நவம்பரில் கினெக்ட். 60 நாட்களில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறியது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை விழும் விதத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். இரண்டு பேர் ஆட சுமார் எட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அதற்காக சோபாவைச் சமையலறை வாசலுக்குத் தள்ளுவோம், அப்புறம் யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. லுங்கியோடு நின்றால் இன்னும் வேடிக்கை. துணிக்குள் இரண்டு கால் எங்கெங்கே என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? படகு விளையாட்டில் குதிக்கக் குதிக்க, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். ராத்திரி கினெக்ட் அத்தோடு நின்றது.

கேமரா, கைரோ என்று எவ்வளவு பேசினாலும், எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொன்னது ஹாலின் அகலமும் எங்கள் சோம்பலும்தான். வீ 10 கோடிக்கு மேல் விற்றதற்கும் அந்தச் சோம்பலில் பங்கு உண்டு என்பது என் கட்சி. மூவுக்கு 2016-ல் பிளேஸ்டேஷன் விஆர் என்ற, தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி வந்து மறுவாழ்வு கிடைத்தது. கினெக்ட் உற்பத்தி 2017-ல் நின்றது. முதல் கினெக்டின் ஆழக் கேமராவுக்குப் பின்னால் இருந்த பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013-லேயே ஆப்பிள் வாங்கியிருந்தது. ஐபோன் எக்ஸில் முகத்தை அடையாளம் காணும் புள்ளிகளும் ஏறக்குறைய அதே வித்தைதான்.

இப்போது பழைய கினெக்ட் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் இருப்பது ஸ்லிம் மாடலுக்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் கினெக்டுக்குத் தனி பவர் அடாப்டர் வேண்டும், பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.