“மெமரி அசெஸ்மென்ட் ப்ளீஸ்”: ரிப்போர்ட் போன பிறகும் உறுத்துகிற அந்த ஒரு இடம்

நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் பேசிக்கொண்டது.

மொட்டைமாடி:
58 வயது, பஸ் கண்டக்டர், பத்தாம் வகுப்பு. நியூராலஜியிலிருந்து வந்த சீட்டில் தலைப்பில் இருக்கும் வரி மட்டும்தான். ஏவிஎல்டி-யில் (சொற்பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்து, நினைவிலிருந்து சொல்லச் சொல்வது) 15 சொல்லுக்கு முதல் சுற்றில் 4, ஐந்தாம் சுற்றில் 11. அரை மணி கழித்து தானாகச் சொன்னது 5. இதுவரை எல்லோரும் பார்த்ததுதான். ரெகக்னிஷன் (ஒரு சொல்லைச் சொல்லி, பட்டியலில் இருந்ததா என்று கேட்பது) ஆரம்பித்ததும் ஆள் மாறிவிட்டார். சொல்லைப் படித்து முடிப்பதற்குள் “ஆமா, இருந்துச்சு”, “இது இல்ல” என்று டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் பதில். 15-ல் 14 சரி. இல்லாததை இருந்தது என்று சொன்னது ஒன்றே ஒன்று.

இம்ப்ரஷனில் (ரிப்போர்ட்டின் முடிவுரை) போன வரி: “வெர்பல் மெமரியில் டெஃபிசிட்.” அதாவது சொல் நினைவில் குறைபாடு. ரெகக்னிஷன் ஸ்கோர் நான்காம் பக்க அட்டவணையில் கிடந்தது. எந்த டாக்டர் நான்காம் பக்கம் புரட்டுகிறார்? அடுத்த விசிட்டில் டோனெபெசில் (அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரை) ஆரம்பித்தாயிற்று.

சொற்கள் உள்ளே போயிருக்கின்றன, தங்கியும் இருக்கின்றன. வெளியே எடுக்கத்தான் தடுமாற்றம். கூடவே டிஜிட் சிம்பலும் (எண்ணுக்கு உரிய குறியை வேகமாக எழுதும் சோதனை) மெதுவு. டிப்ரஷன், தூக்கம், தைராய்டு, பி12, மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் என்று முதலில் தேடச் சொல்லும் படம் இது. ரெகக்னிஷனும் சரிந்து, இல்லாத சொல்லுக்கெல்லாம் தலையாட்டியிருந்தால் ஹிப்போகேம்பஸ் (புது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி) பக்கம் யோசிக்கலாம். இந்த வித்தியாசம் முதல் பக்கத்தில் இரண்டு வாக்கியமாக நின்றிருக்க வேண்டும்.

ஒத்தையடி:
எனக்கு உறுத்துவது ‘க’.

எட்டாம் வகுப்பு படித்த 40 வயது அம்மா, ஸ்ட்ரோக் ஆகி மூன்று மாதம். ஃப்ளூயன்ஸிக்கு ‘க’-வில் ஆரம்பிக்கும் சொற்கள், ஒரு நிமிடம். கல், கண், கடல், கதவு, கழுதை. நின்றுவிட்டார். வாயைத் திறக்கிறார், மூடுகிறார், கையைப் பிசைகிறார். நிமிடம் முடிந்து ஸ்டாப்வாட்சை அமுக்கியதும் கேட்கிறார்: “கா, கி எல்லாம் சொல்லலாமா மேடம்? காக்கா, கிளின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, தப்புன்னு சொல்லல.”

ஸ்கோர் 5. அந்த 5 மூளையுடையதா, நாம் சொல்லிக்கொடுத்த லட்சணத்துடையதா? ‘க’ என்றால் க முதல் கௌ வரை எல்லாம் சேர்த்தி என்று சோதனைக்கு முன்பே உதாரணத்தோடு சொல்லிவிட வேண்டும், வேறு எழுத்தை வைத்து. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ப’ கேட்டால் பஸ், பேங்க், பேட்டரி என்று வரும். எழுத்துப்படி எல்லாம் ப. கன்னடத்தில் அவை வேறு எழுத்து. ‘க’-வில் கோபுரம், கிராமம் கதையும் அதுதான். பெங்களூரில் எடுத்த நார்ம்ஸோடு (ஆரோக்கியமானவர்களின் ஸ்கோர் அட்டவணை) ஒப்பிடுகிறோம் என்றால், எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வேண்டும். கண், கண்கள், கண்ணுக்கு என்று போனால் அது ஒன்றுதான். கண்ணாடி தனி. கண்ணன் ஆள் பெயர், சேராது.

வடக்குவாசல்:
மொட்டைமாடி சார், ரெகக்னிஷன் விஷயம் சரி. ஆனால் “டெஃபிசிட்” என்ற சொல்லை நீங்களும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில்தான் எனக்குத் தகராறு.

2004 நிம்ஹான்ஸ் பேட்டரியில் (பெங்களூர் நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பு) 15ஆம் பெர்சென்டைலுக்குக் கீழே, அதாவது 100 பேரில் கடைசி 15 பேருக்குள், போனால் டெஃபிசிட். எம்.ஃபிலில் எல்லோரும் அப்படித்தான் கற்றோம். அமெரிக்க கிளினிக்கல் நியூரோசைக்காலஜி அகாடமி 2020-ல் ஸ்கோர்களுக்கு வெளியிட்ட பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 9 முதல் 24 வரை “லோ ஆவரேஜ்”, 2 முதல் 8 வரை “பிலோ ஆவரேஜ்”, 2-க்கும் கீழேதான் “எக்ஸெப்ஷனலி லோ”. தனி ஸ்கோர் ஒன்றைப் பாதிப்பு என்று அழைக்காதே என்பது அதன் சாரம். ஆக 14ஆம் பெர்சென்டைல் ஒரு ரிப்போர்ட்டில் மூளைக் குறைபாடு, இன்னொன்றில் சராசரிக்குச் சற்றுக் கீழ். ஆள் அதே ஆள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்டரியில் 20 ஸ்கோர் வருகிறது. ஆரோக்கியமானவர்களில் 15 சதவீதம் பேர் 15-க்குக் கீழேதான் இருப்பார்கள், பெர்சென்டைல் என்பதன் அர்த்தமே அதுதானே. அப்படியானால் எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட சராசரியாக 3 ஸ்கோர் விழும். ஒருவருக்கு ஒன்றும் விழாது, இன்னொருவருக்கு ஆறு விழும். போன மாதம் கைக்கு வந்த ரிப்போர்ட்: லேசான தலைக்காயம், 22 ஸ்கோரில் 3 கீழே, அந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. இம்ப்ரஷன், “ஃப்ரன்டல் லோப் டிஸ்ஃபங்ஷன்” (மூளையின் முன்பகுதியில் கோளாறு). 24 வயதுப் பையன் அதைக் கூகுளில் தேடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

ஒரே திறனை அளக்கும் இரண்டு மூன்று சோதனைகள் சேர்ந்து விழுகின்றனவா, வீட்டிலும் வேலையிலும் சொல்லும் தொந்தரவோடு அது பொருந்துகிறதா, ஸ்கேனோடு பொருந்துகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எழுதுங்கள். நிம்ஹான்ஸ் கட்-ஆஃபைத்தான் பயன்படுத்துவேன் என்றால் தாராளமாக. எந்தக் கட்-ஆஃப், எந்த வயது, எந்தப் படிப்புப் பிரிவின் அட்டவணை என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

நேரம் அளக்கும் சோதனையில் குறி மாறுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். சராசரி 60 விநாடி, எஸ்டி (சராசரியிலிருந்து ஸ்கோர்கள் விலகும் அளவு) 20 என்று வைத்துக்கொள்வோம். ஆள் எடுத்தது 100 விநாடி. கழித்து வகுத்தால் ப்ளஸ் 2. அதை அப்படியே எக்ஸலில் போட்டால் 98ஆம் பெர்சென்டைல் என்று காட்டும். அதிக நேரம் எடுத்தால் மோசம், ஆகவே உண்மையில் 2ஆம் பெர்சென்டைல். பேட்டரியிலேயே மோசமான ஸ்கோர் “சுப்பீரியர்” என்று அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஓபி:
மோட்டார் ஆக்ஸிடென்ட் கிளெய்ம் கேஸ். 35 வயது, லோடுமேன், ஐந்தாம் வகுப்பு. டிஜிட் ஸ்பான் ஃபார்வர்டில் (சொன்ன இலக்கங்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்வது) 3 இலக்கம் சொன்னால் “தெரியல சார்”. இரண்டு முறையும். வெளியே வந்து நர்ஸிடம் அண்ணன் மொபைல் நம்பரை, பத்து இலக்கம், மூச்சுவிடாமல் சொல்கிறார். போன் கையில்கூட இல்லை. ரிப்போர்ட்டில் “மாலிங்கரிங்” (ஆதாயத்துக்காக நடிப்பது) என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது?

தண்டவாளம்:
எழுதக்கூடாது. அண்ணன் நம்பர் பல வருஷமாக மனதில் ஊறிப்போனது. டிஜிட் ஸ்பான் அளப்பது இப்போது காதில் விழுந்ததை இப்போது பிடித்து வைக்கும் திறன். இரண்டும் வேறு வேறு அறை. பத்து இலக்கம் தெரிந்தவருக்கு மூன்று இலக்கம் தெரியாமல் போகலாம், முரண்பாடே இல்லை. அவர் நம்பர் சொன்னதும் நைன், எய்ட், ஃபோர் என்றுதான் இருந்திருக்கும். நீங்கள் சோதனையில் ஒன்பது, எட்டு, நான்கு என்று கேட்டீர்களா? எந்த மொழி இலக்கம் என்று ஷீட்டில் குறித்தீர்களா?

சந்தேகம் வந்தால் அதற்கென்று உள்ளதை வையுங்கள். டாம் (முயற்சியைச் சோதிப்பது) இருக்கிறது, 50 படம், ஒவ்வொன்றிலும் இரண்டில் முன்பு பார்த்தது எது என்று சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் 45-க்குக் கீழே போனால் முயற்சி போதவில்லை என்று கேள்வி எழுப்பலாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 25 வரும். அதைவிட வெகுவாகக் கீழே போகிறது என்றால் சரியான பதில் தெரிந்து தவிர்க்கிறார் என்று யோசிக்க இடமுண்டு. டிஜிட் ஸ்பானிலிருந்து எடுக்கும் ரிலையபிள் டிஜிட் ஸ்பானை (7 அல்லது குறைவு என்றால் முயற்சி போதவில்லை என்று சந்தேகிப்பது) ஐந்தாம் வகுப்புக்காரருக்கு நம்பி எழுதினால் பாவம் உங்களுக்குத்தான். படிப்பு குறைவாக இருந்தாலே பலர் அங்கே விழுவார்கள்.

எழுத வேண்டிய வாக்கியம் இது: “இன்றைய ஸ்கோர்கள் இவரது முழுத் திறனைக் காட்டுவதாகக் கொள்ள முடியவில்லை, காரணங்கள் இவை.” ஏன் அப்படிச் செய்தார், பணத்துக்கா, பயத்துக்கா, வலிக்கா என்பது ஸ்கோரில் எழுதியிருக்காது.

கிளெய்ம் கேஸ் என்பதால் இன்னும் சில. அட்மிஷனில் ஜிசிஎஸ் (சுயநினைவை அளக்கும் மதிப்பெண்) எவ்வளவு, டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து எழுதுங்கள், உறவினர் சொன்னதை வைத்து அல்ல. 13 முதல் 15 லேசு, 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. மயக்கம் தெளிந்த நேரமும் நினைவு தொடர்ச்சியாகத் திரும்பிய நேரமும் ஒன்றல்ல. “கண் முழிச்சாரு, ஆனா ஒரு வாரம் பேசினது எதுவும் ஞாபகமில்ல” என்றால் நினைவிழந்த காலத்தில் அந்த வாரமும் சேரும். எந்தத் தகவலை யார் சொன்னார், நோயாளியா, மனைவியா, அண்ணனா, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிடுங்கள். ஃபெனிட்டாயின், க்ளோபஸாம் போன்ற வலிப்பு மாத்திரை ஓடுகிறதா, எத்தனை மில்லிகிராம், காலையில் எத்தனை மணிக்குப் போட்டார்? அடிபட்டு நாலு மாதத்தில் “நிரந்தரப் பாதிப்பு” என்று எழுதாதீர்கள். ஊன சதவீதம் மெடிக்கல் போர்டு வேலை, அதில் கை வைக்க வேண்டாம். கைப்பட எழுதின ஷீட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் கேட்பது அதைத்தான்.

சனிக்கிழமை ஓபி:
இலக்கம் தமிழில்தான் கேட்டது. ஷீட்டில் குறிக்கவில்லை.

வெயில்காலம்:
இவ்வளவு பெரிய விஷயமெல்லாம் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடி.

52 வயது டெய்லர். காம்ப்ளெக்ஸ் ஃபிகர் காப்பியில் (சிக்கலான படத்தைப் பார்த்து வரைவது) 36-க்கு 21. உள்கோடுகள் விட்டுப்போச்சு, சின்ன வட்டத்துக்குள் மூன்று புள்ளியே இல்லை. விஷுவோ-கன்ஸ்ட்ரக்ஷன் (பார்த்ததை வரைந்து அமைக்கும் திறன்), பரைட்டல் (அதற்கான மூளைப் பகுதி) என்று மனசுக்குள் இம்ப்ரஷன் ஓடிட்டிருக்கு. அப்போ போன் அடிக்குது. யாருன்னு பார்க்க மஞ்சப்பையிலிருந்து கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் போடறார்.

காப்பியைத் திரும்ப வரையச் சொன்னா 33. ஆனா டிலேய்டு ரீகால் (பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து வரைவது) கெட்டுப்போச்சு, இரண்டு தடவை பார்த்தாச்சே. அந்த ரீகால் ஸ்கோரை ரிப்போர்ட்டில் விளக்காமல் விட்டு, காரணத்தை எழுதுவதுதான் வழி. முதல் பக்கத்தில் “பார்வை: கண்ணாடியுடன், கேட்கும் திறன்: போதுமானது” என்று ஒரு வரி டெம்ப்ளேட்டில் எப்பவும் இருக்கு. அது சரிபார்த்து எழுதினதா, போன ரிப்போர்ட்டிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. “அலெர்ட், கோஆபரேட்டிவ்” என்று எழுதி அடுத்த பத்தியிலேயே “தூங்கிவிட்டதால் சோதனை நிறுத்தப்பட்டது” என்று வருகிற ரிப்போர்ட்டும் இந்த ஊரில்தான் சுத்துது.

ஆடிக்காத்து:
பெர்சென்டைல் பேச்சு வந்ததால்: மகன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கேட்டது, “அப்பா கணக்கு வாத்தியாரா இருந்தவர் மேடம். நூத்துக்கு அஞ்சுதானா?” அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2017 மனநலச் சட்டத்தில் தன் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கே உண்டு. டாக்டருக்கு மட்டும் எழுதுகிறோம் என்ற நினைப்பே தப்பு. அந்த 5-ஐத் தமிழில் இப்படி எழுதலாம்: “இவர் வயதும் படிப்பும் உள்ள 100 பேரை இந்தச் சோதனையில் வரிசையாக நிறுத்தினால் 95 பேர் இவருக்கு முன்னே நிற்பார்கள். இது மதிப்பெண் சதவீதம் அல்ல.” கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் தமிழ்ச் சுருக்கம், அதை வாய்விட்டுப் படித்துக்காட்டி, பிறகு ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது. பரிந்துரையில் “காக்னிட்டிவ் ரீட்ரெயினிங் (மூளைத் திறன் பயிற்சி) தேவை” என்று முடிக்காமல், மாத்திரை டப்பாவைக் கிழமை வாரியாகப் பிரிப்பது, கேஸ் அடுப்பு பக்கத்தில் யார் இருப்பது, பேங்க் கையெழுத்தை யார் கூடவே இருந்து பார்ப்பது என்று எழுதினால் அந்த மகன் கேட்கும் அடுத்த கேள்வி வேறாக இருக்கும்.

புதுசு:
ஒரு சந்தேகம். நோயாளி களைத்துவிட்டதால் பாதி இன்று, பாதி அடுத்த வாரம். ரிப்போர்ட்டில் ஒரு தேதி போதுமா?

தண்டவாளம்:
இரண்டு தேதியும், எந்தச் சோதனை எந்தத் தேதி என்பதும். ஏவிஎல்டி ஆரம்பித்துவிட்டு டிலேவுக்கு (அரை மணி கழித்துக் கேட்பது) முன் அனுப்பவில்லையே?

புதுசு:
இல்லை, டிலே அன்றே முடிந்தது.

தண்டவாளம்:
நடுவில் என்ன வைத்தீர்கள்? ஃப்ளூயன்ஸியா?

புதுசு:
கலர் டிரெயில்ஸ், ஃபிங்கர் டாப்பிங்.

தண்டவாளம்:
சரி. வேறு சொற்கள் வந்தால் பட்டியலோடு குழம்பும், ஆகவே சொல் சம்பந்தப்பட்டது எதுவும் நடுவில் வரவில்லை என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.